துருவம் தாழ்ந்த ஊரிலிருந்து வானைப் படம் பிடித்தல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தின் படம் ஒன்றை வெளியிட்டு, அது சாதாரணக் கேமராவால் ஒரு களத்துமேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதியிருந்தோம். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதி, எதை வாங்க வேண்டும் என்று கேட்கின்றன. மீதிப் பாதி, வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கின்றன. இரண்டு வகையிலிருந்தும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துள்ளேன்.

கேள்வி: பகுதிநேர வேலையில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். நெபுலாக்களையும் கேலக்ஸிகளையும் படம் எடுக்க முதலில் எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம், ஐயா?
— கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, முதல் ஆறு மாதங்களுக்குத் தொலைநோக்கியே வேண்டாம். தொலைநோக்கியின் வழியே ஒரு நேரத்தில் தெரிவது நிலவின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வானம் மட்டுமே. அக்கம்பக்கம் தெரியாமல் அந்தச் சிறு வட்டத்துக்குள் நெபுலாவைத் தேடுவது, தெருப் பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடுவதைப் போன்றது.

வானத்தைப் படிப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பஞ்சாங்கத்தில் நாம் அன்றாடம் பார்க்கும் பெயர்களில் பல, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் பெயர்கள்தாம். கார்த்திகை என்பது பிளையடீஸ் என்ற கொத்து. ரோகிணி என்பது அல்டெபரான். திருவாதிரை என்பது ஓரியனின் சிவந்த விண்மீனான பெட்டல்ஜூஸ். கேட்டை என்பது விருச்சிகத்தின் நடுவில் ஒளிரும் அண்டாரிஸ். தை மாத இரவு எட்டு மணிக்கு வெளியே வந்து திருவாதிரையைக் கண்டுகொண்டால், அதன் அருகே ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்கள் தாமாகவே கண்ணில் படும். அந்த வரிசைக்குத் தெற்கே, நீட்டிய கையின் மூன்று விரல் அகலத்துக்குள், மங்கலாக ஒரு பொட்டு தெரிந்தால் அதுதான் நீங்கள் படம் எடுக்க விரும்பும் நெபுலா. அது ஏறத்தாழ 1,340 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது.

பணம் கையை அரித்தால் ஒரு 10x50 பைனாகுலர் வாங்குங்கள். கைபேசியிலோ கணினியிலோ ஸ்டெல்லேரியம் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகும் இதே ஆசை இருந்தால் மீண்டும் எழுதுங்கள். அப்போது உங்கள் கேள்வி வேறாக இருக்கும்.

கேள்வி: என் மகளின் பிறந்தநாளுக்கு, 525 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று பெட்டியில் அச்சிட்ட தொலைநோக்கியை வாங்கிக் கொடுத்தோம். நெபுலா என்று பார்த்தால் சாம்பல் நிறப் புகைதான் தெரிகிறது. கருவி பழுதா?
— பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: கருவியில் பழுது இருக்காது, பழுது பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணில் இருக்கிறது. இத்தகைய கருவிகளில் முன் லென்ஸின் விட்டம் பெரும்பாலும் 60 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 700 மில்லிமீட்டர். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸாக 4 மில்லிமீட்டர் ஐபீஸைப் பொருத்தினால் 175 மடங்கு, அத்துடன் உருவத்தை மேலும் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் செருகினால் 525 மடங்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதுதான் பயனுள்ள உச்ச வரம்பு. ஆகவே உங்கள் கருவிக்கு 120 மடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. பார்லோவைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, 20 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டு, 35 மடங்கில் நிலவின் விளிம்பையும் வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். டிரைபாட் ஆடினால் அதன் நடுவில் ஒரு தண்ணீர்க் குடுவையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் நம் கண். மங்கலான ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலான நெபுலாக்கள் சாம்பலாகத்தான் தெரியும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தப் பெட்டியில், ஐபீஸின் மேல் திருகிப் பொருத்தும் சிறு கறுப்புக் கண்ணாடி ஒன்று, சூரியனைப் பார்ப்பதற்கானது என்ற குறிப்புடன் இருக்கக்கூடும். அதை இன்றே தூக்கி எறியுங்கள். குவிக்கப்பட்ட வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரிய வடிகட்டி என்பது எப்போதும் தொலைநோக்கியின் முன்பக்கம் முழுவதையும் மூட வேண்டும்.

கேள்வி: விண்மீன்களின் நகர்வைப் பின்தொடரும், மோட்டார் பொருத்திய ஈக்வடோரியல் மவுண்ட் (தொலைநோக்கித் தாங்கி) வாங்கினேன். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த நட்சத்திரமே தெரிவதில்லை. அச்சைச் சாய்க்கும் திருகும் எங்கள் அட்சரேகைக்கு இறங்க மறுக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
— வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: ஏமாறவில்லை. 40, 50 பாகை வடக்கில் வாழ்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த கருவியை 8 பாகையில் பயன்படுத்த முயல்கிறீர்கள், அவ்வளவுதான். நம் மொழியில் இதைப் பற்றி எழுதுபவர்கள்கூட அங்கே எழுதியதையே திருப்பிச் சொல்வதால், தென் தமிழகத்தில் இந்த வேலையைத் தொடங்கும் பலர் இதே இடத்தில் மனம் தளர்ந்து விடுகிறார்கள். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வானத் துருவம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்குமோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 பாகை. உங்கள் ஊரில் 8 பாகையை ஒட்டி. அவ்வளவு தாழ்வாக உள்ள விண்மீனின் ஒளி, உச்சியில் உள்ள விண்மீனின் ஒளியைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமான காற்றைக் கடந்து வர வேண்டும். அந்தக் காற்றில் கடல் ஈரமும் தூசும் கலந்திருக்கும்போது, நடுத்தர ஒளியுள்ள துருவ நட்சத்திரம் கரைந்து போகிறது. தென்னந்தோப்போ பக்கத்து வீட்டு மாடியோ வடக்கில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

முதலில் திருகு. மவுண்டின் அளவுகோல் 15 பாகையில் நின்றுவிட்டால், டிரைபாட்டின் வடக்குப் பக்கத்தைத் தாழ்த்தி, மீதமுள்ள 7 பாகையை அந்தச் சாய்வில் பெறலாம். டிரைபாட் மட்டமாக இருந்தே தீர வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. அச்சு துருவத்தை நோக்கினால் போதும், அடிப்பகுதி எப்படி இருந்தாலும் பூமிக்குக் கவலையில்லை. ஆனால் சாய்ந்த டிரைபாட் கவிழும் ஆபத்து உண்டு என்பதால், சாய்வு கூடக்கூடச் சுமையைக் குறையுங்கள்.

அடுத்தது எடைத்தண்டு. அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால், எடைக்கட்டியைத் தாங்கும் தண்டு ஏறக்குறைய நேர் கீழாகத் தொங்கி, வடக்கே நீட்டிய டிரைபாட் காலில் முட்டும். ஒருமுறை நள்ளிரவில் என் மவுண்டில் இது நடந்தபோது, மோட்டார் முனகிக்கொண்டே ஒரே இடத்தில் நின்றிருக்க, நான் அது தெரியாமல் இருபது அடி தள்ளி அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று எடுத்த படங்கள் அனைத்திலும் விண்மீன்கள் கோடுகளாக இருந்தன. மவுண்டுக்கும் டிரைபாட்டுக்கும் இடையே ஒரு நீட்டிப்புக் குழாயை வைப்பது, அல்லது ஒரு கால் தெற்கேயும் இரண்டு கால்கள் வடக்கின் இரு புறமும் வருமாறு டிரைபாட்டைத் திருப்பி வைப்பது இதற்குத் தீர்வு. திசையைச் சரிசெய்யும் சிறு முளையை இடம் மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாகத் துருவம். அதைப் பார்க்காமலேயே அச்சைச் சரிசெய்யலாம். காந்தத் திசைகாட்டியால் தோராயமாக வடக்கு நோக்கி வையுங்கள். நம் பகுதியில் அது உண்மை வடக்கிலிருந்து இரண்டு பாகை அளவுக்குத்தான் விலகும், ஆனால் இரும்புக் கைப்பிடிச் சுவரின் அருகே அதை நம்ப வேண்டாம். மடிக்கணினி இருந்தால், நினா என்ற இலவச மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படங்கள் எடுத்து, அவற்றிலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். மடிக்கணினி இல்லையென்றால் பழைய நகர்வு முறை இருக்கிறது. தெற்கு வடக்குக் கோட்டுக்கு அருகே, வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டை) ஒட்டிய ஒரு விண்மீனை ஐந்து நிமிடம் கவனியுங்கள்; அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே தள்ளியிருக்கிறது. பிறகு கிழக்கில் தாழ்வாக உள்ள விண்மீனைப் பாருங்கள். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. முதல் முறை இரண்டு மணி நேரம் ஆகும். பத்தாம் முறை இருபது நிமிடம்.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக நம் அட்சரேகை ஒன்றைத் தருகிறது. வானின் மிகப் பெரிய உருண்டை வடிவ விண்மீன் கொத்தான ஒமேகா சென்டாரி உங்கள் ஊரில் 34 பாகை உயரம் வரை ஏறும். பாரிஸிலிருந்து பார்த்து நெபுலாக்கள், விண்மீன் கொத்துகளின் பட்டியலைத் தயாரித்த வானியலாளர் சார்ல்ஸ் மெஸ்ஸியருக்கு அது அடிவானத்துக்குக் கீழேயே இருந்ததால், அவருடைய பட்டியலில் அதற்கு எண்ணே இல்லை. அதைக் கண்டுபிடிக்கவும் பஞ்சாங்கப் பெயரே உதவும்: சித்திரை நட்சத்திரம், அதாவது ஸ்பைகா, தென்வடல் கோட்டைக் கடக்கும்போது அதற்கு நேர் தெற்கே 36 பாகை, அதாவது நீட்டிய கையின் மூன்றரை முட்டி அகலம், கீழே பாருங்கள். மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி அளவில் இது நிகழும். சித்திரா பௌர்ணமியன்று மட்டும் முயல வேண்டாம். அன்று நிலவு அந்த நட்சத்திரத்தின் அருகிலேயே நிற்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும், 50 மில்லிமீட்டர் லென்ஸும், ஒரு டிரைபாடும்தான். மவுண்ட் வாங்கும் நிலையில் இல்லை. இதை வைத்து ஏதாவது எடுக்க முடியுமா?
— திருமணப் புகைப்படக் கலைஞர், மன்னார்குடி

பதில்: சென்ற இதழின் படம் இதே மூன்றை வைத்து எடுத்ததுதான்.

தொலைதூர வான்பொருள்களைப் படம் எடுப்பது ஒரு நொடியில் பிடிக்கும் வேலையன்று, ஒளியைச் சேமிக்கும் வேலை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் ஒரு நொடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நகர்கின்றன. ஆகவே நிலையான டிரைபாடில் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க முடியாது. 500ஐக் குவியத் தொலைவால் வகுத்தால் வரும் நொடிகள் வரை எடுக்கலாம் என்று ஒரு பழைய விதி சொல்கிறது. உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்றால் 50ஐ 1.5ஆல் பெருக்கி, 75ஆல் வகுக்க வேண்டும்; ஏறத்தாழ ஆறரை நொடி வரும். அந்த விதி பிலிம் காலத்துத் தாராளம். இன்றைய சென்சாரில் ஓரியன் பகுதிக்கு 3 நொடிதான் என் வரம்பு. அதிலேயே விண்மீன் இரண்டு மூன்று பிக்சல் நகர்ந்துவிடுகிறது.

3 நொடியில் என்ன கிடைக்கும்? கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. ஆனால் அதே 3 நொடிப் படத்தை 400 முறை எடுத்தால் கையில் 20 நிமிட ஒளி இருக்கிறது. அவற்றை விண்மீன்களின் மேல் விண்மீன்கள் வருமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், நெபுலா அப்படியே நிற்கும்; படத்துக்குப் படம் மாறும் புள்ளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரைச்சல், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் குறைகிறது: 100 படங்களில் பத்தில் ஒரு பங்கு, 400 படங்களில் இருபதில் ஒரு பங்கு. டீப்ஸ்கை ஸ்டாக்கர், சிரில் ஆகிய இரண்டும் இதற்கான இலவச மென்பொருள்கள். சிரிலைக் கற்க நேரம் அதிகம் பிடிக்கும், ஆனாலும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

களத்தில் செய்ய வேண்டியவை இவை. கோப்பு ரா (RAW) வடிவத்தில் இருக்கட்டும். லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாட்டையும் கேமராவின் நீள் எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பையும் அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 1600, துளை எஃப் 2.8. லென்ஸின் மேலுள்ள முடிவிலிக் குறியை நம்பாமல், திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் ஃபோகஸ் செய்து, அந்த வளையத்தைச் செல்லோ டேப்பால் ஒட்டிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவை மீண்டும் ஓரியனை நோக்கித் திருப்ப வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் லென்ஸை மூடிவிட்டு, அதே அமைப்பில் முப்பது இருட்டுப் படங்கள் எடுங்கள். சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ ஆறு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. பனி விழும் நாடுகளில் இருப்பவர்கள் அலட்சியப்படுத்தக்கூடிய இந்த இரைச்சல், 26 டிகிரியில் நிற்கும் நம் இரவுகளில் படத்தையே கெடுத்துவிடும். இருட்டுப் படங்களை வீட்டுக்கு வந்து மின்விசிறியின் கீழே எடுப்பதில் பயனில்லை, அதே வெப்பத்தில், அதே இடத்தில் எடுக்க வேண்டும். மறுநாள் காலை, ஃபோகஸை மாற்றாமல், லென்ஸின் வாயில் வெள்ளை வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகச் சுருக்கமின்றிக் கட்டி, மேகமற்ற வானை நோக்கி முப்பது சமவொளிப் படங்கள் எடுங்கள். லென்ஸின் ஓர இருளையும் சென்சார் தூசியையும் மென்பொருள் இவற்றைக் கொண்டுதான் நீக்கும்.

கல்யாண மண்டபத்தில் ஒரே நிமிடத்தில் வெளிச்சத்தைக் கணிக்கத் தெரிந்த உங்களுக்கு இதில் கஷ்டமானது பொறுமை ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் வானம் ஆரஞ்சாகவும் வெள்ளையாகவும் இருக்கிறது. ஒளி மாசு வடிகட்டி வாங்கினால் சரியாகுமா?
— மென்பொருள் பொறியாளர், வேளச்சேரி

பதில்: பாதி சரியாகும். முன்பு தெருவெல்லாம் சோடியம் விளக்குகள் இருந்தபோது, அவற்றின் மஞ்சள் ஒளியை மட்டும் வெட்டும் வடிகட்டிகள் நன்றாகவே வேலை செய்தன. இன்றைய வெள்ளை எல்இடி எல்லா நிறங்களிலும் பரவுவதால் அந்தப் பழைய கண்ணாடிகளால் பெரும் பயனில்லை. ஹைட்ரஜன் ஒளிரும் 656.3 நானோமீட்டரையும் ஆக்சிஜன் ஒளிரும் 500.7 நானோமீட்டரையும் மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டி வேறு ரகம். அதைக் கொண்டு ரோசட், லகூன் போன்ற ஒளிரும் நெபுலாக்களை வேளச்சேரியிலிருந்தே எடுக்கலாம். கேலக்ஸிகளும், கார்த்திகையைச் சூழ்ந்த நீலப் புகையும் விண்மீன் ஒளியால் ஆனவை என்பதால் அவற்றுக்கு இது உதவாது.

அவற்றுக்கு ஒரே மருந்து பயணம். நகர வானுக்கும் நல்ல கிராமத்து வானுக்கும் பிரகாசத்தில் மூன்று ஒளியளவு (மாக்னிட்யூட்), அதாவது ஏறத்தாழ 16 மடங்கு, வேறுபாடு இருந்தால், அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைப்பதை மாடியில் பெற ஏறத்தாழ 16 மணி நேரம் வேண்டும். வடிகட்டியின் விலைக்கு எத்தனை முறை பேருந்தில் போய் வரலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எந்த மாதம், எங்கே போவது நல்லது? காவலூர் ஆய்வகத்தில் படம் எடுக்க விடுவார்களா?
— குடும்பத் தலைவி, ஆம்பூர்

பதில்: ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை நமக்கு நல்ல காலம். வடகிழக்குப் பருவமழைக்கு இடையே வெளுக்கும் ஓரிரு இரவுகள் இன்னும் தெளிவானவை, ஆனால் அவற்றைத் திட்டமிட முடியாது. அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதப் பனி லென்ஸை நனைத்துவிடும். பவர் பேங்கில் இயங்கும் சூடேற்றுப் பட்டையைச் சுற்றுங்கள், இல்லையேல் கறுப்புச் சார்ட் தாளில் நீளமான குழாய் செய்து முன்னால் மாட்டுங்கள்.

காவலூர் உங்களுக்கு அருகில்தான். ஜவ்வாது மலையில் உள்ள அந்த ஆய்வகத்தில் 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகிறது. வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும் என்பது ஒரு காரணம். சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு, புறப்படும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே பார்க்கப் போகலாம், நம் கருவிகளை விரித்துப் படம் எடுக்கப் போகக் கூடாது. டார்ச்சும் வாகன விளக்கும் அவர்கள் வேலையைக் கெடுக்கும். காட்டுப் பாதைகளில் இரவில் நிற்பதும் வேண்டாம். தெரிந்தவர் வயல், அவருக்கு முன்கூட்டியே ஒரு சொல், இதற்கு மேல் நல்ல இடம் கிடையாது.

கேள்வி: சீஸ்டார் போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கி பொத்தானை அழுத்தினால் படம் தருகிறதாமே. அது ஏமாற்று வேலை இல்லையா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

பதில்: இல்லை. மேலே சொன்ன அடுக்குதலையே அது தானாகச் செய்கிறது. சீஸ்டார் எஸ்50இல் இருப்பது 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான். முதுகுவலியோடு மவுண்ட் தூக்க முடியாதவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஒரு குறிப்பு மட்டும்: இக்கருவியைச் சாதாரண நிலையில் வைத்தால், உச்சிக்கு அருகே உள்ள பொருள் படச்சட்டத்துக்குள் வேகமாகச் சுழலும். நம் ஊரில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சி வழியே போவதால், அது கிழக்கிலோ மேற்கிலோ சாய்வாக இருக்கும்போது எடுங்கள்.

கேள்வி: அழகான படங்களைத் தவிர, இதனால் அறிவியலுக்குப் பயன் உண்டா?
— இயற்பியல் முதுகலை மாணவி, சென்னை

பதில்: உண்டு. ஒளி மாறும் விண்மீன்களை அதே டிஎஸ்எல்ஆரால் அளக்கலாம். ஃபோகஸைச் சற்றே தளர்த்தி எடுத்த படங்களின் பச்சை நிறத் தரவை, அருகிலுள்ள மாறா விண்மீன்களோடு ஒப்பிட்டு ஒளியளவைக் கணிப்பார்கள். 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் அளவீடுகளைப் பெற்றுத் தொகுக்கிறது.

உங்கள் ஊரிலேயே இதற்கு முன்னோடி உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வான் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். அது ஐரோப்பாவிலிருந்து தெரியாத தென்வானத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை உச்ச ஒளியை அடையும். அப்போது அது வெறுங்கண்ணுக்குச் சற்றே எட்டாது, ஆனால் 50 மில்லிமீட்டர் லென்ஸில் அடுக்கிய படத்தில் சிக்கிவிடும். ஜனவரி மூன்றாம் வாரம் இரவு ஒன்பது மணி அளவில் ரோகிணி உங்கள் தலைக்கு மேலே வரும்போது, நேர் தெற்கே அடிவானத்திலிருந்து 14 பாகை உயரத்தில் கேமராவைத் திருப்புங்கள்.